செனாயில் பெருகும் உணர்கருவிகள்: பூட்டுக்கு யார் பொறுப்பு?

செனாய் - விமான நிலையமும் தொழிற்பேட்டைகளும் சூழ்ந்த செனாய் வட்டாரத்தில் 'திறன்மிகு நகரம்' என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. 2006-இல் தொடங்கிய இஸ்கண்டார் மலேசியா திட்டத்துக்குள் வரும் பகுதி இது. பக்கத்துக் கூலாயில், செம்பனை நின்ற கூலாய் யங் தோட்ட நிலத்தில் தரவு மையங்கள் எழுந்துள்ளன. 2025 ஜனவரி 7-இல் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதும் எதிர்பார்ப்பு இன்னும் கூடிவிட்டது.

5ஜி வந்துவிட்டதா, வேகம் எவ்வளவு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. உண்மையில் தெருவிளக்குக்கும் தண்ணீர் மீட்டருக்கும் அந்த வேகம் தேவையே இல்லை. நாளுக்குச் சில முறை, ஓரிரு வரி அளவுத் தகவலை அனுப்பினால் போதும். ஆனால் ஒரே பேட்டரியில் பல ஆண்டுகள் ஓட வேண்டும். சுவருக்குப் பின்னாலிருந்தும் சமிக்ஞை எட்ட வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. லோராவான் உரிமம் வாங்கத் தேவையில்லாத அலைவரிசையில் இயங்குகிறது. நகராண்மைக் கழகமோ தொழிற்சாலையோ தானே நிறுவிக்கொள்ளலாம். என்பி-ஐஓடி தொலைத்தொடர்பு நிறுவனங்களின் அலைவரிசையில் இயங்குவது. அதற்குச் சிம் அட்டையும் கட்டணமும் வேண்டும். லோராவானில் 128 பிட் மறையாக்கம் உள்ளமைந்தே வருகிறது. ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சாவியைப் போட்டுவிட்டால், ஒரு மீட்டரைக் கழற்றிப் பிரித்தவனுக்கு ஊரே திறந்துவிடும். பூட்டு நல்லதுதான், சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதுதான் சிக்கல்.

இதெல்லாம் பொறியாளர்களின் கவலை என்று ஜொகூர் மக்கள் ஒதுக்கிவிட முடியாது. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன. மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். ஆற்றையும் காற்றையும் கண்காணிக்கும் கருவிகள் தேவை என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது. அப்படி வைத்த கருவி கழிவு கொட்டப்படும் இரவில் தொடர்பு அறுந்து கிடந்தால்? அல்லது யாரோ அதன் அளவீட்டை மாற்றி, எல்லாம் சரி என்று காட்டவைத்தால்? கருவியே இல்லாத ஊர் மூக்கையாவது நம்பும்.

2016-இல் 'மிராய்' என்ற தீநிரல் உலகெங்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாமலே கிடந்தன. அந்த அக்டோபரில் அக்கருவிகளைக் கொண்டு நடந்த தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் முடங்கின.

தாக்குதலே இல்லாமலும் கருவி ஊமையாகலாம். மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. கைப்பேசியை மாற்றிக்கொள்வது எளிது. கம்பத்தின் மேல் 3ஜி மோடத்தோடு பொருத்திய கருவியை ஏணி வைத்து ஏறித்தான் மாற்ற வேண்டும்.

2024 ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் நீர், எரிசக்தி, போக்குவரத்து உள்ளிட்ட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்புகளுக்குப் பொறுப்புகளை விதிக்கிறது. ஊடுருவல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் முதல் தகவல் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் தாமான் வாசிகள் இணையத்தில் மலிவாக வாங்கிக் காவல் சாவடியில் மாட்டும் கேமரா இதற்குள் வராது. கோஸ்வேக்கு அப்பால் சிங்கப்பூர் 2020 முதலே இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்புத் தர முத்திரை வழங்குகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு அவற்றை விற்கவே முடியாது.

மதிப்பீட்டு வரி செலுத்துவோர் நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டியவை உண்டு. கருவிக்கு எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கும் என்று குத்தகையில் எழுதப்பட்டிருக்கிறதா? குத்தகையாளர் மாறினால் சாவிகள் யார் கைக்குப் போகும்? மின்தடையின்போது கருவி தகவலைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புமா? ருக்குன் தெத்தாங்கா குழுக்களோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சாவடிக் கேமராவின் கடவுச்சொல்லை மாற்ற பத்து நிமிடம் போதும், செலவும் கிடையாது.