காதல் என்று எந்தக் கல் சொன்னது?

சோழ இளவரசி குந்தவை வந்தியத்தேவனைக் காதலித்து மணந்தார் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் சொல்வார்கள். படிக்காதவர்கள், 2022இலும் 2023இலும் வந்த மணிரத்னம் படங்களைப் பார்த்துவிட்டு இன்னும் அடித்துச் சொல்வார்கள். விழுப்புரத்துக்காரர்களும் திண்டிவனத்துக்காரர்களும் இதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மையார் கட்டிய கோயில்கள் அவர்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கின்றன.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், வெள்ளிமேடுபேட்டைப் பக்கம் தாதாபுரம். சோழர் காலத்தில் அது இராஜராஜபுரம். அங்கே குந்தவை மூன்று கோயில்கள் எடுத்தார்: சிவனுக்கு இரவிகுல மாணிக்க ஈச்சுரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், சமணருக்குக் குந்தவை ஜினாலயம். ஊர் தம்பி இராஜராஜர் பெயரில். சிவன் கோயில் தம்பியின் பட்டப்பெயரில். மற்ற இரண்டும் தன் சொந்தப் பெயரில். தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் எழுந்தருளுவித்த படிமங்களில் தந்தை சுந்தர சோழர் உண்டு, தாயும் உண்டு. வந்தியத்தேவர்? இராஜராஜரின் தமக்கை, வல்லவரையர் வந்தியதேவரின் மகாதேவி என்று குந்தவையை அடையாளம் காட்டும் இடத்தில் அவர் பெயர் வருகிறது. அதற்கு மேல் அந்தத் தாம்பத்தியத்தைப் பற்றிக் கல் வாய் திறக்கவில்லை.

அதனால் அவர்களுக்குள் அன்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு கட்டுக்கதை. காதல் இருந்தது என்பதற்கு நம் கையில் நாவலைத் தவிர வேறு சான்று கிடையாது என்கிறேன். கல்வெட்டில் கிடைத்த ஒரு பெயரை எடுத்துக் கதை வளர்த்தார் கல்கி. அது நாவலாசிரியரின் உரிமை. அந்தக் கதையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கல்வெட்டின் மேல் ஒட்டுவது நம்முடைய சோம்பேறித்தனம்.

சோழர் வீட்டுச் சம்பந்தங்களைப் பாருங்கள். முதலாம் ஆதித்தன் பெண் எடுத்தது இராஷ்டிரகூடர் வீட்டில். அவள் வயிற்றுப் பிள்ளை கன்னரதேவனுக்குக் கிடைக்காத அரியணை 907இல் ஆதித்தனின் இன்னொரு மகன் பராந்தகனுக்குப் போனது. அதனால்தான் பெண் கொடுத்த இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்து வல்லத்தில் தோற்றான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சுந்தர சோழர் பெண் எடுத்தது திருக்கோவலூர் மலையமான் குடியில். வடக்கேயிருந்து காவிரிக்கு வரும் படை தென்பெண்ணையைக் கடந்தாக வேண்டும். அந்த ஆற்றங்கரையை வைத்திருந்தவர்கள் மலையமான்கள். இராஜராஜர் தன் மகள் இளைய குந்தவையை வேங்கிச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தார். அவர்கள் மகன் இராஜராஜ நரேந்திரனுக்கு இராஜேந்திரன் தன் மகள் அம்மங்கதேவியைக் கொடுத்தான். அந்த வழியில் பிறந்த பிள்ளை 1070இல் முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணையிலேயே உட்கார்ந்தான். மூன்று தலைமுறைக் கல்யாணக் கணக்கு இது. நாடும் படையும் வாரிசும் பேசி முடித்த சம்பந்தங்களில் ஜாடைப் பார்வையையும் ஓலைத் தூதையும் தேடுகிறோம்.

‘கதைதானே, ரசித்துவிட்டுப் போனால் என்ன?’ என்பார்கள். போகலாம், அந்தக் கதை எதையும் மறைக்காமல் இருந்தால். திருக்கோவலூர்க் கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராஜராஜர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை அது விழுப்புரம் மாவட்டத்துக் கோயில். குந்தவையின் தாய் வானவன் மாதேவி, பால்குடி மறவாத பிள்ளையைப் பிரிந்து, இறந்த கணவனோடு தீப்புகுந்ததை அந்தக் கல் புகழ்ந்து பாடுகிறது. காதல் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பவருக்கு இது காதலின் உச்சமாகத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தால், கூட்டணிக்காக வந்த பெண் கடைசியில் கொடுத்த விலை தெரியும்.

மகளையும் அதே கண்ணாடிதான் சிறுக்க வைக்கிறது. தன் சொத்தைத் தன் இஷ்டப்படி மூன்று சமயத்துக்கும் பகிர்ந்தவர், தஞ்சையில் தந்தை பெயரால் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை கண்டவர், அரசனின் தமக்கையாக அதிகாரத்தோடு நடமாடியவர். அப்பேர்ப்பட்டவரை மாடத்தில் நின்று வீரனுக்காகக் காத்திருக்கும் அழகியாக்கிவிட்டோம். குந்தவை என்றதும் இன்று நினைவுக்கு வருவது நடிகையின் முகம், ஜினாலயம் அல்ல.

இதில் ஒரு கபடமும் இருக்கிறது. திரையில் இளவரசி காதலித்தால் கைதட்டுகிறோம். வீட்டில் மகள் காதலித்தால் சாதியும் காணியும் விசாரிக்கிறோம். சோழர்கள் கல்யாணத்தில் கணக்குப் பார்த்தார்கள், அதை மறைக்கவுமில்லை. நாமும் பார்க்கிறோம், கூடவே, பார்க்காத பாவனைக்கு ஆயிரம் வருடம் பழைய காதல் ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

திண்டிவனத்துப் பள்ளிகள் சுற்றுலா என்றால் பிள்ளைகளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகின்றன. முதலில் தாதாபுரத்துக்கு அழைத்துப் போகட்டும். குந்தவை யாரைக் காதலித்தார் என்று பிள்ளைகள் கேட்டால், தெரியாது என்று ஆசிரியர் கூசாமல் சொல்லட்டும். அவர் என்ன செய்தார் என்பதற்கு அங்கே கல்லிலேயே பதில் இருக்கிறது.