மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

கோவையில் ஓர் உரக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "செம்பருத்தியில மாவுப்பூச்சிங்க, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று மாடித்தோட்டக்காரர் ஒருவர் கேட்பார். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். எத்தனை இலையில், எறும்பு ஏறுகிறதா, கூடவே வேறு பூச்சி இருக்கிறதா என்ற பேச்சே எழாது. வீட்டுச் சமையலுக்குக் காய் பறிக்கிற தோட்டத்துக்கு இந்த அவசரம் ஆகாது.

2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் வெள்ளையாக அப்பியது. உடம்பெல்லாம் மெழுகு பூசியிருந்த அந்தப் பூச்சி மருந்துக்குக் கட்டுப்படவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியை வரவழைத்தார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குளவியைப் பெருக்கி உழவர்களுக்குக் கொடுத்தது. குளவி விட்ட தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டாம் என்றும் சொன்னது. பூச்சி அடங்கியது.

என் மாடியிலும் இதே வேலை சின்ன அளவில் நடக்கிறது. கத்தரி இலையைத் திருப்பினால், மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே வெள்ளை இழைகள் தொங்க இன்னொரு புழு இருக்கும். பார்வைக்கு அதுவும் மாவுப்பூச்சிதான். குச்சியால் தொட்டால் மட்டும் விறுவிறுவென்று நகரும். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதன் இரை. பாட்டிலோடு வருபவர் முதலில் கொல்வது இதைத்தான்.

தொட்டிகளின் ஓரத்தில் தட்டைப்பயறு போட்டிருக்கிறேன். அதன் நுனியில் அசுவினி கறுப்பாக அப்பிக்கொள்ளும். நான் தொடுவதில்லை. அதைத் தின்ன வரும் பொறிவண்டுதான் பக்கத்து மிளகாய்ச் செடியையும் பார்த்துக்கொள்கிறது.

சும்மா கைகட்டி இருக்கச் சொல்லவில்லை. முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும்; மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்புதான். அப்பிய நுனியைக் கிள்ளி எறியலாம், இலைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சலாம். அதற்கும் அடங்காவிட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்பு சேர்த்துத் தெளிக்கலாம். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் தெளிப்பதே நல்லது. அதையும் பூச்சி கண்ட செடிக்கு மட்டும் தெளியுங்கள். இயற்கைக் கரைசல்தானே என்று மாடி முழுக்க அடித்தால் நல்ல பூச்சிக்கும் சேதம்தான்.

அதற்குள் செடி போய்விடாதா என்று கேட்கிறார்கள். ஒன்றிரண்டு போகலாம். கடன் வாங்கிப் பயிர் வைத்த உழவரால் பொறுக்க முடியாது. அவருடைய நெருக்கடி வேறு. மாடியில் நாலு கத்தரி வைத்திருக்கும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

எனவே பூச்சியைக் கண்டதும் கடைக்கு ஓடாதீர்கள். இலையைத் திருப்பிப் பார்த்து, ஒரு வாரம் பொறுங்கள். உரக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாட்டிலை எடுப்பதற்கு முன், இலையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.