காலில் இறங்கும் இடுப்பு வலி

ஆம்பூரில் பலருக்குத் தோலும் காலணியும்தான் பிழைப்பு. தோல் பதனிடும் இடத்தில் ஈரத் தோலைக் குனிந்து தூக்க வேண்டும். காலணித் தொழிற்சாலையில் பெண்கள் நாள் முழுதும் தையல் மெஷின் முன் குனிந்திருக்க வேண்டும். ஒரு நாள் இடுப்பில் "சுளீர்" என்கிறது! வலி பிட்டத்தில் இறங்கி, தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல் ஓடுகிறது.

"சுளுக்குதான். கால் முன்னே வந்து பிறந்தவர் உதைத்தால் சரியாகிவிடும்" என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. இந்த வலிக்கு அந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். இது சுளுக்கு அல்ல, நரம்பு வலி.

முதுகெலும்புகளுக்கு இடையே ரப்பர் திண்டு போல வட்டுகள் உள்ளன. ஒரு வட்டு பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் இந்த வலி வரும். 1934-ம் ஆண்டு மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க டாக்டர்கள் இதை விளக்கினார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? டாக்டர் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மடக்காமல் தூக்குவார். முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால் நரம்பின் மீதுதான் சந்தேகம். குதிகாலால் நடக்கச் சொல்வார். மரத்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். இதற்கு ஸ்கேன் தேவை இல்லை. கடன் வாங்கி முதலிலேயே ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் வட்டு பிதுங்கித் தெரியும்!

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தி இல்லாமலே குணமாகிறது. முன்பு பலகையில் படுக்கச் சொன்னார்கள். இப்போது, முடிந்த அளவு நடமாடச் சொல்கிறார்கள். ஆனால் பாரம் தூக்கக் கூடாது.

சிறுநீர் அடைத்தாலோ, தானே கசிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் நாட்டின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியது, அருகில் உள்ள வேலூர் சி.எம்.சி.யில்தான்.

சரி, ஆறு வாரம் பாரம் தூக்காவிட்டால் அடுப்பு எரிவது எப்படி? ஈ.எஸ்.ஐ. சந்தா முறையாகக் கட்டிய தொழிலாளிக்கு, டாக்டர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. இதைக் கேட்டு வாங்கப் பலர் தயங்குகிறார்கள். பிச்சை அல்லவே, சொந்தச் சந்தாப் பணம்தானே!

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று காலணியின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு அந்தச் சந்தாவும் இல்லை. அவர்களுக்கும் அதே இடுப்புதான். அவர்கள் பெயரையும் சம்பளப் பதிவேட்டில் ஏற்றுவது, அந்தக் காலணியை விற்று லாபம் பார்க்கும் முதலாளிகளின் பொறுப்பு.