ஏர் எடுத்த கதை

என் மாமனாருக்குப் பாலக்கோட்டில் தக்காளித் தோட்டம். தோட்டத்துக்கு ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. ஏ.பி.எஸ். எல்லாம் உண்டு. ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் 'ஜீப்பு'தான். வயசு பதினாறு. மனுஷனாக இருந்தால் பிளஸ் ஒன். வண்டி என்பதால் தாத்தா.

போன மாசம் சேலத்தில் மச்சினிக்கு வளைகாப்பு. குடும்பமே ஜீப்பில் கிளம்புவதாக ஏற்பாடு. முதல் நாள் மாமா, ''மாப்ளே, பிரேக்கு கொஞ்சம் கீழே இறங்குதுங்க. மெக்கானிக்கைக் கூப்பிடணும்'' என்றார்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் செலவைக் குறைக்கத் தோன்றும். ''இதுக்கு எதுக்கு மாமா மெக்கானிக்? ஏர் எடுத்தாப் போச்சு. நானே எடுக்கறேன்'' என்றேன். இந்த 'நானே' இருக்கிறதே, அதில்தான் சனி உட்கார்ந்திருக்கும்.

விஷயம் சுலபம்தான். நாம் மிதிக்கிற மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது குழாயில் இருக்கும் பிரேக் ஆயில். ஆயிலை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். குழாயில் காற்று புகுந்தால் மிதியெல்லாம் காற்றை நசுக்கவே சரியாகப் போகும். போதாக்குறைக்கு, அந்த ஆயில் உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். 'டாட் 4' ரகம் புதுசில் குறைந்தது 230 டிகிரி சூடு வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி. ஆவியும் காற்றுக்குத் தம்பிதானே!

ஆகவே ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். மிதிக்க என் மனைவி. வண்டிக்கு அடியில் நான்.

''மிதி!''

''மிதிச்சாச்சு!''

''அப்படியே இரு, விடாதே... ம், இப்ப விடு!''

பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, ''என்னடியம்மா, மாப்பிள்ளையையா மிதிக்கறே?'' என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

கல்யாணமான பத்து வருஷத்தில் என் மனைவி சொன்னபடி கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பூரிப்பில், மேலே டப்பாவில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிட்டேன். மூன்றாவது சக்கரத்தில் 'புஸ்' என்று நுரை வந்தது. டப்பா காலி!

அவசரமாக ஊற்றி, நாலு சக்கரத்திலும் மறுபடி ஏர் எடுத்தேன். குமிழ் வருவது நின்றது. பெடல் மட்டும் இட்லி மாதிரி அமுங்கியது. ''புது ஆயிலுங்க மாமா, போகப் போக செட் ஆயிடும்'' என்று சொல்லிவிட்டேன். கணக்கு இடித்தால் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் தள்ளுவோமே, அந்த மாதிரி.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் இறக்கம். 2020 டிசம்பரில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி அங்கே வரிசையாகக் கார்களில் மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இன்னொரு விபத்து; மறுபடி 4 உயிர். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! அவர்கள் டீசல், நான் மெக்கானிக் கூலி. அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் ஜீப்பில் எட்டுப் பேர் ஏறப்போகிறோம். அதில் ஒருத்தி என் மகள்.

நாலரை மணிக்கு மாமாவை எழுப்பினேன். ''மாமா, டப்பா காலியானதை நான் கவனிக்கலை. பிரேக் சரியில்லை. உங்ககிட்ட சொன்னது பொய்.''

அவர் ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்தார்.

மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கையில் ஸ்கேனர். ''டப்பா காலியானா ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள்ள காத்து போயிரும் சார். உள்ளே பம்ப்பு, சின்னச் சின்ன வால்வு எல்லாம் இருக்கு. சும்மா மிதிச்சா அதெல்லாம் வேலை செய்யாது. இதை மாட்டி, பம்ப்பை ஓட விட்டுத்தான் எடுக்கணும்.''

பட்டனை அமுக்கினார். ஜீப்பின் வயிற்றுக்குள் 'கர்ர்ர்' என்றது. நான் தீர்ந்துவிட்டது என்று நினைத்த குமிழெல்லாம் வரிசையாக வந்தது.

''பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கியா எடுத்தீங்க?''

''ஆமா.''

''இந்த வண்டியில லோடு பார்த்து பின்சக்கரத்துக்கு ஆயில் விடற வால்வு ஒண்ணு இருக்கு சார். தூக்கித் தொங்க விட்டா லோடு இல்லேன்னு நினைச்சு ஆயிலைக் குறைச்சிரும்.''

இரண்டாவது தப்பு. மூன்றாவது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

பெடல் கல் மாதிரி நின்றது. தோட்டத்துப் பாதையில் மெதுவாக, அப்புறம் வேகமாக ஓட்டிப் பார்த்த பிறகே ஏறினோம். மாமாதான் ஓட்டினார். கணவாய் ஆரம்பத்திலேயே கியரைக் குறைத்தார். வண்டியை எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரேக்கை அவர் விட்டு விட்டுத்தான் தொட்டார். இரட்டைப் பாலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன்:

''எப்படிங்க மாமா இருக்கு?''

''நல்லா இருக்குங்க மாப்ளே. ஏர் எல்லாம் சுத்தமா இறங்கிருச்சு.''

வண்டியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. பின் சீட்டில் என் மனைவி மட்டும் சிரித்தாள்.