அதிகாரம் கொடுப்பார்களாம், உத்தரவாதம் மட்டும் தர மாட்டார்களாம்!

மேனேஜ்மென்ட் புத்தகம் எதைத் திறந்தாலும் 'லீன்' அத்தியாயத்தில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: தொழிலாளிக்கு அதிகாரம் கொடுங்கள், தன் வேலையைத் தானே மேம்படுத்திக்கொள்வார். பரீட்சையில் எழுதினால் ஐந்து மார்க் நிச்சயம். ஆனால் மேம்படுத்திய பிறகு அந்தத் தொழிலாளிக்கு வேலை இருக்குமா? அதைப் பற்றி அந்த அத்தியாயம் மூச்சு விடாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் செய்யும் வேலையை இரண்டே பேர் முடிக்க ஒரு வழி இருக்கிறது. அது அந்த மூன்று பேருக்கும் தெரியும். சொன்னால் கைதட்டல், ஒரு சர்டிபிகேட், அடுத்த மாதம் ஒருவருக்கு கல்தா. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்ட யாராவது அரிவாள் தீட்டித் தருவார்களா? அப்புறம் 'ஆலோசனைப் பெட்டி காலியாகவே கிடக்கிறது, ஆட்களுக்கு ஆர்வமே இல்லை' என்று புலம்பல் வேறு!

கோளாறு ஆட்களிடம் இல்லை என்பதற்கு ஒரு தொழிற்சாலையே சாட்சி. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை இருந்தது. எந்த நாளிலும் சுமார் 20 சதவீதம் பேர் வேலைக்கே வர மாட்டார்கள். குடி, சண்டை, திடீர் ஸ்ட்ரைக் என்று பெயர் கெட்டு, 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டாக அதே இடத்தில் 'நம்மி' என்ற பெயரில் மறுபடி திறந்தன. நிர்வாகம் டொயோட்டா கையில். தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள். யூனியனும் அதேதான். ஆனால் வேலைக்கு வராதவர் கணக்கு மளமளவென்று இறங்கியது. தரத்தில் ஜிஎம் தொழிற்சாலைகளிலேயே முன்வரிசைக்கு வந்தது.

என்ன மாறியது? முன்பு லைனை நிறுத்துவது மகா பாவம். நம்மியில் கோளாறைக் கண்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார், திட்ட அல்ல, உதவ. முன்பு இன்ஜினியர் ஸ்டாப்வாட்சோடு வந்து அளப்பார். நம்மியில் தொழிலாளர்களே அளந்தார்கள், வேலைமுறையையும் அவர்களே எழுதினார்கள். வேலை ஒன்றும் லேசாகிவிடவில்லை. நிமிடத்துக்கு 45 விநாடி ஓடிய கை 57 விநாடி ஓடியது!

இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள்? யூனியன் ஒப்பந்தத்தில் எழுதியே இருந்தது: நிறுவனமே தள்ளாடும் நிலை வந்தாலொழிய லேஆஃப் கிடையாது, அதற்கும் முன்னால் மேலதிகாரிகளின் சம்பளத்தில் கை வைக்க வேண்டும். 1980-களின் பிற்பாதியில் விற்பனை படுத்தபோது சோதனையும் வந்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சிக்கும் சீரமைப்பு வேலைகளுக்கும் அனுப்பினார்கள். வாக்கு வாக்காகவே நின்றது.

அதே மாநிலத்தில் வேன் நைஸ் தொழிற்சாலையில் ஜிஎம் இதைக் காப்பியடிக்கப் பார்த்தது. கயிறு வந்தது, நம்பிக்கை வரவில்லை. 1992-ல் அதையும் மூடினார்கள்.

'கம்பெனி என்ன தர்ம சத்திரமா?' என்று கேட்பவர்கள் உண்டு. டொயோட்டாவும் தர்மம் செய்யவில்லை. 1950-ல் ஆட்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம், தலைவர் கீய்ச்சிரோ டொயோடாவின் ராஜினாமா எல்லாம் பட்டுத்தான் அது பாடம் படித்தது. தொழிலாளர் ஆலோசனைத் திட்டம் வந்தது அடுத்த வருடம், 1951-ல்.

'நம்மியும் 2010-ல் மூடப்பட்டதே?' என்றும் கேட்கலாம். 2009-ல் திவாலான ஜிஎம் கூட்டிலிருந்து விலகியது, பிறகு டொயோட்டாவும் கைவிட்டது. முடிவெடுத்தது மேல்மாடி. லைனில் நின்றவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டிருந்தார்கள்.

ஆகவே அதிகாரம் கொடுப்பதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் ஒரே ஒரு காகிதத்தைக் கேட்க வேண்டும்: 'தொழிலாளி சொன்ன யோசனையால் எவர் வேலையும் போகாது. மிச்சமாகும் ஆளுக்கு வேறு வேலை தரப்படும்.' அதில் கையெழுத்துப் போடத் தயாரா? தயார் என்றால் கயிற்றைக் கட்டுங்கள். இல்லையென்றால் 'அதிகாரம்' என்ற வார்த்தையையாவது விட்டுவிடுங்கள். ஆட்குறைப்புக்கு ஆட்குறைப்பு என்றே பெயர் வையுங்கள்!