"என்னடா பண்றே இப்போ?"

இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு கூடப் படிச்சவனைப் பாத்தா முதல்ல என்ன கேப்பீங்க மக்களே? "என்னடா பண்றே இப்போ?" இந்தக் கேள்விக்கு, சந்திக்கிற அன்னிக்கு ஒருநாளாவது தடை போடணும். இதான் இந்தப் பதிவோட கட்சி.

எங்க திருப்பரங்குன்றத்துல இருக்கற தியாகராசர் பொறியியல் கல்லூரியை கருமுத்து தியாகராசர் 1957ல ஆரம்பிச்சார். மதுரையைச் சுத்தி அதுக்கப்புறம் வந்த கல்லூரிகளையும் சேத்துப் பாருங்க, எத்தனை பேட்ச் வெளிய வந்திருக்கும்! அதனால வெள்ளி விழா, முத்து விழான்னு யாராவது கூடிக்கிட்டேதான் இருப்பாங்க. பனியன்ல பேட்ச் பேரு, குரூப் போட்டோ, பிரியாணி. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்ல வரலை.

ஆனா எங்க மாமா அவரோட வெள்ளி விழாவுக்குப் போகலை. (எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, திட்டுவார்.) மெக்கானிக்கல் படிச்சவர். திருநகர்ல வீடு, கப்பலூர் சிட்கோவுல சின்னதா ஒரு லேத் பட்டறை. வாட்ஸப் குரூப்ல ஒரு ஃபார்ம் அனுப்பிருக்காங்க. பேரு, கம்பெனி, பதவி, ஊரு, பசங்க என்ன படிக்கிறாங்க. மாமா அதைத் தொடவே இல்லை.

பௌர்ணமிக்கு மலையைச் சுத்தி நடக்கறப்ப மெதுவா கேட்டேன். "மைக்கைக் குடுத்து வரிசையா சொல்லச் சொல்வாய்ங்க மாப்ள. எனக்கு முன்னாடி ஒருத்தன் வைஸ் பிரசிடெண்ட்ம்பான், பின்னாடி ஒருத்தன் டெக்சாஸ்ம்பான். நடுவுல நான் லேத்தும்பேன். ஒரு செகண்ட் கம்முனு இருந்துட்டு கை தட்டுவாய்ங்க பாரு, அது எனக்கு வேணாம்"னார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நானும் பொட்டி தட்டறவன்தான், அதனால இந்தக் கணக்கு கொஞ்சம் தெரியும். 1998, 99ல வெளிய வந்தவங்களுக்கு ஒய்2கே யோகம். வருஷத்தை ரெண்டே இலக்கத்துல எழுதி வச்ச பழைய ப்ரோக்ராம் எல்லாம் 2000 பிறந்தா குழம்பிடும்னு உலகமே பயந்துச்சு. சிவில், மெக்கானிக்கல்னு பாக்காம ஆளைப் புடிச்சு, கோபால் (ஆள் பேரு இல்லீங்க, கம்ப்யூட்டர் மொழி) சொல்லிக் குடுத்து ஃப்ளைட் ஏத்திவிட்டாங்க. 2001ல டாட்காம் குமிழ் உடைஞ்சப்புறம், கையில ஆஃபர் லெட்டர் இருந்தவனுக்கே சேர்ற தேதி வரலை. மாமா 2001 பேட்ச். ஒரு வருஷம் தபால்காரரைப் பாத்துட்டு லேத் பக்கம் போயிட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி பொறந்திருந்தா இவரும் டெக்சாஸ்தான். இதுல யாரு சாதிச்சா, யாரு தோத்தா?

கூடப் படிச்சவங்க நடுவயசுல சந்திச்ச கதை நம்மகிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு. துரோணரும் துருபதனும் ஒரே ஆசிரமத்துல படிச்சவங்க. பின்னாடி துரோணர் பழைய பழக்கத்துல போய் நின்னா, "ராஜாவுக்கும் இல்லாதவனுக்கும் என்னய்யா நட்பு"ன்னுட்டான் துருபதன். அப்புறம் பாதி ராஜ்யம் போச்சு, யாகம் பண்ணி ஒரு பிள்ளை வந்தான், அவன் கையாலயே குருக்ஷேத்திரத்துல துரோணர் செத்தார். ஒரே ஒரு 'ஸ்டேட்டஸ்' பேச்சு பண்ணின வேலை அது.

இன்னொண்ணு குசேலன். துவாரகைக்கு அவர் வந்தப்ப, "என்னப்பா, எவ்வளவு சம்பாதிக்கிறே"ன்னு ஆரம்பிக்கலை கண்ணன். காலைக் கழுவி உக்கார வச்சு, சாந்தீபனி முனிவர்கிட்ட படிச்சப்ப விறகு பொறுக்கப் போய் மழையில மாட்டிக்கிட்ட ராத்திரியை ஞாபகம் வச்சுப் பேசறார். அப்புறம் மூட்டையில என்னன்னு அவரே புடுங்கி அவலைத் தின்னுடறார். நல்லா இருக்கற ஆளு எப்படி நடந்துக்கணும்னு இதைவிட யாரு சொல்ல முடியும்?

மாமாவுக்கும் ஒரு கண்ணன் வந்தார். சந்திப்பு முடிஞ்ச மறுநாள், ஏர்போர்ட் போற வழியில ஒரு நண்பர் நேரா பட்டறைக்கே வந்துட்டார். ஸ்டூலைப் போட்டு உக்காந்து டீ, வடையோட ரெண்டு மணி நேரம். ஒரே டிராஃப்டரை வச்சு ரெண்டு பேரும் டிராயிங் பேப்பரைத் தாண்டின கதைதான் முழுக்க. கிளம்பறப்ப கார் கதவைப் புடிச்சுக்கிட்டு சொன்னாராம்: "ஃபார்ம்ல கன்சல்டன்ட்னு போட்டேன்ல, வேலை போயி எட்டு மாசம் ஆச்சுடா. அங்க யார்கிட்டயும் சொல்லலை."

பாருங்க, ஒருத்தர் ஃபார்மை நிரப்பலை, இன்னொருத்தர் பொய்யா நிரப்பினார். ரெண்டு பேரும் பயந்தது அதே கேள்விக்குத்தான். நூறு பேர் கூடின ஹால்ல வராத உண்மை, எண்ணெய் நாத்தம் அடிக்கிற பட்டறையில வந்துச்சு.

அதனால, சந்திப்பு நடத்தற அண்ணன்மார்களுக்கு மூணு வேண்டுகோள். மைக்கைக் குடுத்தா வேலையைக் கேக்காதீங்க, ஒரு ஹாஸ்டல் கதை கேளுங்க. மூவாயிரம், நாலாயிரம்னு கட்டணம் வச்சு ஸ்டார் ஹோட்டல் வேணாம், காலேஜ் மரத்தடியும் புளியோதரையும் போதும். முக்கியமா, வராதவங்க லிஸ்ட்டை எடுத்து ஆளுக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போங்க. போன் பண்ணிட்டுப் போகாதீங்க, "வேலை இருக்கு"ன்னுடுவாங்க.

எங்க பேட்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கு. ஆனா குரூப்ல இப்பவே நாலு பேர் சத்தமே இல்லாம இருக்காங்க. அதுல ஒருத்தன் ஊரு திருமங்கலம். இந்த ஞாயித்துக்கிழமை வண்டியை எடுக்கப் போறேன்.

டிஸ்கி: மாமாகிட்ட அனுமதி வாங்கியாச்சு. "லேத்தைப் பத்தி நல்லவிதமா எழுதுடா"ன்னார். எழுதிட்டேன் மாமா :)