மறுக்கத் தெரிந்த பொம்மைகள்

பாப் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தீர்ப்பு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. தன் பாடலைத் தானே எழுதித் தானே வாசித்துப் பாடுபவன் கலைஞன். நிறுவனம் பொறுக்கியெடுத்து, ஒப்பனை செய்து, பிறர் எழுதியதைப் பாடவைக்கும் குழுவினர் வெறும் பண்டங்கள். தீவிர இலக்கியம், வணிக எழுத்து என்று கோடு கிழித்துப் பழகிய சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு இத்தீர்ப்பு எளிதில் உவப்பாகிவிடுகிறது. நாமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பிவந்தோம். ஆனால் அமெரிக்க, ஐரோப்பிய பாப் இசையின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டினால், கோடு நாம் கிழித்த இடத்தில் இல்லை என்பது புலப்படுகிறது.

1965 செப்டம்பரில் ஹாலிவுட்டின் திரைத்துறைப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இசைக்குழுவாக நடிக்க நான்கு இளைஞர்கள் தேவை என்றது அது. 400க்கும் மேற்பட்டோர் வந்து போன பிறகு மைக்கேல் நெஸ்மித், பீட்டர் டார்க், மிக்கி டோலன்ஸ், டேவி ஜோன்ஸ் ஆகிய நால்வர் அமைந்தார்கள். 'தி மங்க்கீஸ்' பிறந்தது இப்படித்தான். தொடர் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. பாடல்களுக்குப் பொறுப்பேற்ற டான் கிர்ஷ்னர், தொழில்முறைப் பாடலாசிரியர்களிடமிருந்து பாடல்களைப் பெற்றார். 'ஐயாம் எ பிலீவர்' நீல் டயமண்ட் எழுதியது. குரல்கள் குழுவினருடையவை, வாத்தியங்கள் பெரும்பாலும் கூலிக்கு வந்து வாசித்த ஸ்டூடியோ கலைஞர்களுடையவை. தொழிற்சாலைச் சரக்கு என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

ஆயினும் அதே ஆண்டுகளில் 'அசல்' என்று கொண்டாடப்பட்டவர்களின் தட்டுகளைப் பாருங்கள். 1965இல் 'தி பேர்ட்ஸ்' வெளியிட்ட 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாப் டிலனின் பாடல். அப்பதிவில் வாத்தியம் வாசித்த குழு உறுப்பினர் ரோஜர் மெக்வின் ஒருவரே. மற்ற வாத்தியங்களை ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தார்கள். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) தட்டிலும் வாத்தியங்களின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டூடியோ கலைஞர்களுடையதே. பிற்காலத்தில் 'ரெக்கிங் க்ரூ' என்று அழைக்கப்பட்ட இதே வட்டத்தினர்தாம் மங்க்கீஸின் பதிவுகளிலும் வாசித்தார்கள். ஒரே கைகள், ஓரிடத்தில் கலை என்றோம், இன்னோரிடத்தில் மோசடி என்றோம். எழுதியது யார், வாசித்தது யார் என்ற அளவுகோல் இங்கேயே முறிந்துவிடுகிறது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? உண்டு. அது வேறோரிடத்தில் இருக்கிறது. 1967 ஜனவரியில் மங்க்கீஸின் இரண்டாவது இசைத்தட்டு அவர்களுக்கே தெரியாமல் கடைக்கு வந்தது. நெஸ்மித் வெகுண்டார். குழு பிணங்கியது. சில வாரங்களில் கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த 'ஹெட்குவார்ட்டர்ஸ்' தட்டில் பெரும்பாலான வாத்தியங்களை நால்வருமே வாசித்தார்கள். அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தையும் எட்டியது. இது முந்தைய தட்டுகளைவிட மேலான இசை என்று நாம் வாதிடப்போவதில்லை. நீல் டயமண்டின் பாடல்தான் நம் செவியில் இன்னும் தங்கியிருக்கிறது. அடுத்தடுத்த தட்டுகளில் அவர்களே ஸ்டூடியோ கலைஞர்களை மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். ஆனால் இம்முறை அழைத்தவர்கள் அவர்கள். 'முடியாது' என்று சொல்லும் உரிமை ஒருமுறை அவர்கள் கைக்கு வந்துவிட்டது. நமக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

கிர்ஷ்னர் அதிலிருந்து கற்ற பாடம் வேறு. அடுத்து அவர் கையிலெடுத்த குழு 'தி ஆர்ச்சீஸ்', அதாவது கேலிச்சித்திரப் பாத்திரங்கள். 1969இல் அவர்கள் பெயரில் வெளிவந்த 'சுகர் சுகர்' அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. சித்திரங்கள் பிணங்குவதில்லை, கேள்வி கேட்பதில்லை. பாடிய ரான் டாண்டேயை அறிந்தவர் சிலரே.

இந்த நாடகத்தின் கசப்பான காட்சி ஜெர்மனியில் அரங்கேறியது. தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் 1970களில் 'போனி எம்' குழுவில் பாபி ஃபாரலை மேடையில் ஆடவிட்டு, ஒலித்தட்டில் ஆண் குரலைத் தாமே பாடியவர். 'மில்லி வனில்லி'யில் அதை முழுமையாக்கினார். மேடையில் ராப் பிலாட்டஸ், ஃபாப்ரிஸ் மோர்வான். ஒலித்தட்டில் சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹொவெல். 1990 பிப்ரவரியில் மேடையில் நின்ற இருவருக்கும் கிராமி விருது கிடைத்தது. அடுத்த தட்டில் தாங்களே பாடுவோம் என்று அவர்கள் வற்புறுத்த, நவம்பரில் ஃபாரியன் உண்மையைப் போட்டுடைத்தார். விருது பறிக்கப்பட்டது. உலகமே அந்த இருவரைப் பார்த்துச் சிரித்தது. பிலாட்டஸ் 1998இல் ஃபிராங்க்ஃபர்ட் அருகே விடுதியொன்றில் இறந்துகிடந்தார். சூத்திரதாரியோ 1990களிலும் புதுக் குழுக்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார். பொம்மையைத் தண்டித்துவிட்டு நூலைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டோம். அசல், போலி என்ற நம் அளவுகோல் செய்த அநீதி இது.

வாயசைப்புதான் குற்றம் என்றால், இந்தியத் திரையிசை முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். ஒருவர் பாட, மற்றொருவர் வாயசைப்பதை நாம் ஏமாற்று என்று கருதுவதில்லை. பாடியவர் பெயர் தட்டில் இருக்கிறது. அந்தப் பெயரும் தானாக வந்துவிடவில்லை. 'மஹல்' (1949) இந்திப் படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாடலின் முதல் தட்டுகளில், பாடியவர் 'காமினி' என்றே இருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பெயர் அச்சான பிறகுதான் அந்த ஏற்பாடு நேர்மையானதாயிற்று.

ஆகவே 'இவர் சொந்தமாக எழுதினாரா' என்பதை விட்டு வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. உழைத்தவர்களின் பெயர்கள் எல்லோரும் காணும்படி இருக்கின்றனவா? பாட நிறுத்தப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா? 2025இல் 'தி வெல்வெட் சன்டவுன்' என்ற குழுவின் பாடல்களை இணையத்தில் லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். பிறகுதான் அது செயற்கை நுண்ணறிவால் ஆன படைப்பு என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. கிர்ஷ்னர் கேலிச்சித்திரத்தில் தேடியது இப்போது இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. ஆர்ச்சீஸுக்குப் பின்னாலாவது தேடினால் கிடைக்கும் ஒரு ரான் டாண்டே இருந்தார். இங்கே தேட ஒருவரும் இல்லை. மறுக்கவும் ஒருவரும் இல்லை.

சுவரில் முட்டிக்கொண்டாவது 'முடியாது' என்று சொன்ன அந்தத் தொலைக்காட்சிக் குழுவை, நாம் இப்போது சற்று மரியாதையோடு கேட்கிறோம்.